டேவிட் குல்பிலில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஆஸ்திரேலியாவின் யோல்ங்கு பூர்வகுடி நடிகர் டேவிட் குல்பிலில் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பிறந்த ஆண்டு ஒரு இடத்தில் 1953, இன்னொரு இடத்தில் ‘சுமார் 1953’. எதை எழுதுவது?

பதில்: ‘சுமார்’ போட்டே எழுதுங்கள். ஜூலை 1, 1953 என்பது மிஷன்காரர்கள் குத்துமதிப்பாகக் குறித்த தேதி. இறந்தது 2021 நவம்பர் 29, நுரையீரல் புற்றுநோயால்.

கேள்வி: ‘வாக்கபவுட்’ படத்தில் அவர் பேசுவதற்கு சப்டைட்டில் வரவில்லை அண்ணா. என் பிரிண்ட்தான் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, படமே அப்படித்தான். வட ஆஸ்திரேலியாவில் ஆர்னெம் லேண்ட் பகுதியின் மனிங்க்ரிடாவில் நடனத்துக்குப் பேர்போன பையனாக இருந்தவரை இயக்குநர் நிக்கோலஸ் ரோக் கண்டெடுத்தார். ஆங்கிலம் அப்போது அவருக்கு அரைகுறை. படத்தில் வழிதவறிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அவர் பேச்சு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் நமக்கும். டைட்டிலில் பெயரைக்கூட ‘கும்பிலில்’ என்று தப்பாகப் போட்டார்கள். அதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

பதில்: ‘த டிராக்கர்’ (2002). பலரும் ‘குரோக்கடைல் டண்டி’யில் ஆரம்பிக்கிறார்கள்; அதில் அவருக்கு வேலையே குறைவு. ‘டிராக்கர்’ 1922இல் நடக்கிற கதை. வெள்ளையர் மூவர் குதிரையில் வர, இவர் முன்னால் நடந்து தடம் பார்த்துச் சொல்கிறார். பாத்திரங்கள் யாருக்கும் பெயர் கிடையாது. கொலை விழும் இடங்களில் காட்சிக்குப் பதில் ஓவியம் வரும். ‘பாஸ்’ என்று அவர் பணியும்போது கண்ணைக் கவனியுங்கள், யார் யாரை நடத்திப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ‘டென் கனூஸ்’ ஏன் கலரும் கறுப்பு வெள்ளையுமாக மாறுகிறது? தலை சுற்றுகிறது.

பதில்: பழையது கறுப்பு வெள்ளை என்று நினைப்பதால் வரும் சுற்றல். இதில் தலைகீழ். ஆதிகாலக் கதை கலரில். பாட்டன்மார் காலம் கறுப்பு வெள்ளையில். மானிடவியலாளர் டொனால்ட் தாம்சன் 1930களில் அராஃபுரா சதுப்பில் எடுத்த புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை என்பதே காரணம். அதில் ஒன்று, பத்துப் பேர் மரப்பட்டைத் தோணிகளில் நிற்கும் படம். குல்பிலில் அதை இயக்குநர் ரோல்ஃப் டி ஹீரிடம் காட்டியதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. வாத்து முட்டை எடுக்கப் போகிறவர்கள் சொல்லும் கதைக்குள் இன்னொரு கதை. இரண்டிலும் வரும் இளைஞன் குல்பிலிலின் மகன் ஜேமி. இதை மனதில் வைத்தால் குழப்பம் பாதி தீரும். தம்பதியாக நடிப்பவர்கள்கூட உறவுமுறைப்படி மணமுறை உள்ளவர்களாக இருக்க வேண்டியிருந்தது. முறைமாமன், முறைப்பெண் பார்க்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். மூன்று உண்டு: ஆங்கிலக் கதைசொல்லலோடு, முழுக்க யோல்ங்கு மொழியில் சப்டைட்டிலோடு, சப்டைட்டிலே இல்லாமல். முதலாவதில் கதை சொல்லும் குரல் குல்பிலிலுடையது. சிரிப்போடு, அவசரமே இல்லாமல் சொல்வார். முதல்முறைக்கு அதுவே போதும்.

கேள்வி: கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினாரா?

பதில்: ‘சார்லீஸ் கன்ட்ரி’க்காக, 2014இல், ‘அன் செர்ட்டன் ரெகார்ட்’ பிரிவில். பிரதானப் போட்டி விருது வேறு, அது அந்த ஆண்டு பிரிட்டிஷ் நடிகர் டிமோதி ஸ்பாலுக்குப் போனது. மனைவியைத் தாக்கிய வழக்கில் 2011இல் குல்பிலில் சிறை சென்றதும் உண்மை. சிறையில் பார்க்கப் போன டி ஹீரோடு பேசிப் பேசி உருவான படம்தான் ‘சார்லீஸ் கன்ட்ரி’. இருவரும் சேர்ந்தே எழுதினார்கள்.

கேள்வி: இறந்த பூர்வகுடியினர் பெயரைச் சொல்லக்கூடாதாமே?

பதில்: யோல்ங்கு வழக்கில் சிலகாலம் பெயரையும் உருவத்தையும் தவிர்ப்பார்கள். அதனால் அவர் இறந்தபோது செய்திகளில் ‘டேவிட் தலைத்ங்கு’ என்று வந்தது. அது வேறு ஆள் இல்லை. பிறகு குடும்பத்தாரே பெயரைச் சொல்ல அனுமதித்தார்கள். மற்றவர்களைப் பற்றி எழுதுமுன் அவரவர் குடும்பம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.