ஐரோப்பிய சர்டிபிகேட் என்று ஏஜண்ட் பணம் கேட்டால்?

கேள்வி: மலேசியா, சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர். பழைய பால்மரங்களை (ரப்பர்) 2021-இல் வெட்டிவிட்டுச் செம்பனை போட்டோம். காடழித்த நிலத்துக் குலையை ஐரோப்பா இனி வாங்காதாம். 800 வெள்ளியும் (ரிங்கிட்) பட்டா நகலும் கொடுத்தால் ஐரோப்பிய சர்டிபிகேட் எடுத்துத் தருவதாக, குலை வாங்கும் ரேம்ப் ஏஜண்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விவசாயி கையில் கொடுக்கும் அப்படியொரு சர்டிபிகேட்டே கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடைச் சட்டத்தைத்தான் அவர் சொல்கிறார். செம்பனை, ரப்பர், கொக்கோ, காப்பி எல்லாம் அதில் அடக்கம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று அறிக்கை பதிய வேண்டியவர், அங்கே சரக்கை இறக்கும் கம்பெனிக்காரர். நீங்கள் அல்ல. உங்களிடமிருந்து அவருக்கு வேண்டியது முக்கியமாக நிலம் இருக்கும் இடம். 4 ஹெக்டருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு ஜிபிஎஸ் புள்ளி போதும். உங்களுடையது இரண்டரை ஹெக்டர்கூட இல்லை. தோட்டத்துக்கு நடுவில் நின்று கைப்பேசியில் எடுத்துவிடலாம். இதற்கா 800 வெள்ளி?

உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு மரம் வெட்டியிருக்கிறீர்கள். பால்மரத் தோட்டம் அந்தச் சட்டத்தில் காடு அல்ல, விவசாய நிலம். அதில் செம்பனை போட்டது காடழிப்பு ஆகாது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் கிழட்டுப் பால்மரமும் காடும் ஒரே பச்சையாகத் தெரியக்கூடும். பால் வெட்டாமல் சில வருஷம் சும்மா விட்டு, அடியில் புதர் மண்டியிருந்தால் இன்னும் வம்பு. அதனால் அப்பாவின் பெட்டியைக் கிளறுங்கள். ரிஸ்டா (ரப்பர் சிறுதோட்டக்காரர் வாரியம்) பதிவு, மறுநடவு உதவிக் கடிதம், கட்டிப்பால் விற்ற ரசீது என்று எது கிடைத்தாலும் படம் பிடித்து வையுங்கள். பட்டாவில் நிலவகை 'பெர்தானியான்' (விவசாயம்) என்று இருக்கிறதா பாருங்கள்.

'ஐரோப்பா வாங்காவிட்டால் குலை அழுகும்' என்று அவர் சொன்னால் அதுவும் மிரட்டல்தான். நம் செம்பனை எண்ணெயை அதிகம் வாங்குவது இந்தியா. ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு அண்மை ஆண்டுகளில் பத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சட்டமும் இன்னும் அமலுக்கு வரவில்லை: 2024 முடிவில் என்றார்கள், 2025 என்றார்கள், இப்போது 2026 டிசம்பர் 30. புத்ராஜெயாவில் அறிக்கை, கோலாலம்பூர் ஹோட்டலில் கருத்தரங்கு, எல்லாம் நடக்கிறது. ஆறு ஏக்கர்காரருக்கு மட்டும் சேதி ரேம்ப் ஏஜண்ட் வாய்வழியாக வருகிறது. அவர் அதில் காசு பார்க்காமல் விடுவாரா?

இந்த ஏஜண்டுகள் அடுத்துச் செய்யக்கூடிய வேலையையும் சொல்லிவிடுகிறேன். சர்டிபிகேட் எடுபடவில்லை என்றால் 'ஐரோப்பிய கழிவு' என்று டன்னுக்கு இவ்வளவு பிடிப்பார்கள். எடை, எண்ணெய்ச் சதவிகிதம், பிடித்த தொகை மூன்றும் எழுதிய ரசீது கேளுங்கள். செம்பனை வாரியமான எம்பிஓபி, சதவிகிதம் ஒன்றுக்கு இவ்வளவு என்று குலை விலை வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்பிஓபி லைசென்ஸ் உங்களுக்கும் வேண்டும், வாங்குகிறவருக்கும் வேண்டும். சுவரில் அவருடையது மாட்டியிருக்கிறதா, தேதி முடிந்ததா என்று பார்த்துவிட்டு லாரியை உள்ளே விடுங்கள்.

நீங்கள் எடுக்க வேண்டிய சான்று எம்எஸ்பிஓ, அதாவது மலேசியாவின் நிலைத்தன்மைச் செம்பனைச் சான்று. அது 2020-இலிருந்தே கட்டாயம். ஐரோப்பாவுக்கு அது மட்டும் போதாது, ஆனால் கேட்கும் காகிதங்களில் பல இரண்டுக்கும் ஒன்றுதான். சிறுதோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். எம்பிஓபி-யின் துனாஸ் அதிகாரியிடம் (சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்பவர்) நேராகப் போங்கள். போன் எடுக்க மாட்டார்கள், விடாதீர்கள். அங்கே பட்டா நகல் கொடுக்கும்போதும் குறுக்கே 'எம்எஸ்பிஓ பதிவுக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டே கொடுங்கள்.