ட்ரெய்னிங் லிஸ்ட்ல டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி

அக்கா, வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தொண்டு நிறுவனத்துல எச்ஐவி தடுப்பு ப்ராஜெக்ட்ல மேனேஜரா இருக்கேன். லாரி டிரைவருங்க, வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க, இவங்க ரெண்டு தரப்புலயும்தான் எங்க வேலை. இப்ப எங்க ஸ்டாஃபுக்கு என்னென்ன பயிற்சி தேவைன்னு கணக்கெடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஒரு ஃபார்ம் வந்துச்சு, இருபது தலைப்பு இருக்கு, தேவையானதுக்கு நேரா டிக் அடிக்கணும். கொடுத்துப் பாத்தேன், பாதிப் பேரு எல்லாத்துக்கும் டிக் அடிச்சுட்டாங்க, மீதிப் பேரு எதுக்குமே அடிக்கல. கவுன்சிலர் மட்டும் ரெண்டு தலைப்புக்கு அடிச்சாங்க. இத வச்சு நான் என்ன எழுதி அனுப்புறது? உண்மையா என்ன தேவைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்க இந்த மாதிரி பயிற்சி வகுப்பெல்லாம் எடுத்தவங்க, அதான் கேக்குறேன். என் பேரு போட வேணாம்க்கா.

*

தம்பிக்கு,

பேரு போடல, உங்க ப்ராஜெக்ட் பேரையும் எடுத்துட்டேன்.

முதல்ல அந்த ஃபார்ம் விஷயம். உங்க ஸ்டாஃப் மேல தப்பு சொல்ல எதுவும் இல்ல. வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற வேலையில இருக்குற ஒருத்தர்கிட்ட, அவங்களோட மேனேஜரே பேப்பரைக் கொடுத்து உனக்கு என்ன தெரியாதுன்னு எழுதுன்னா, யாரு நேரா எழுதுவாங்க? ஒண்ணு, எல்லாத்துக்கும் அடிச்சுட்டா எதுல வீக்குன்னு தனியாத் தெரியாது, இல்ல எதுக்குமே அடிக்காம விட்டா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டுமே தற்காப்புதான். அதுக்கும் மேல, தனக்குத் தெரியலங்கிறதே தெரியாத விஷயத்துக்கு யாராலயும் டிக் அடிக்க முடியாது, ஆனா நாம கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். சிடி4, அதாவது நோய் எதிர்ப்பு செல்லோட எண்ணிக்கை, ஒரு அளவுக்குக் கீழ போனாதான் ஏஆர்டி, அதான் எச்ஐவிய அடக்கி வைக்கிற மாத்திரைன்னு ஒரு காலம் இருந்துச்சு, அப்ப வேலைக்குச் சேந்தவங்க அதைத்தான் படிச்சாங்க. 2017ல இந்தியாவுல அது மாறிடுச்சு, பாசிட்டிவ்னு உறுதியானா சிடி4 என்னவா இருந்தாலும் சிகிச்சை ஆரம்பிக்கணும். ஆனா இன்னைக்கும் ஃபீல்டுல சிலர் "இப்ப உடம்பு நல்லாத்தான இருக்கு, கவுன்ட் குறைஞ்சா மாத்திரை தருவாங்க"ன்னு சொல்றதக் கேக்கலாம். அவங்ககிட்ட ஏஆர்டி பத்திப் பயிற்சி வேணுமான்னு ஃபார்ம்ல கேட்டா, வேணாம், பல வருஷமா இதுலதான் இருக்கேன்னுதான் சொல்லுவாங்க, அது பொய்யும் இல்ல.

அதனால ஆளுங்ககிட்ட கேக்குறதுக்கு முன்னாடி வேலையப் பாருங்க. உங்ககிட்ட லைன் லிஸ்ட், ஆளுக்கு ஒரு வரியா எழுதுற பதிவு, இருக்குல்ல, அத எடுங்க. ஒரு டிரைவரை நம்ம பியர் (அந்தந்தத் தரப்புல இருந்தே வேலைக்கு எடுத்தவர்) முதல்முதலா சந்திச்சதுல இருந்து, பேசுனது, கான்டம் கொடுத்தது, நம்பிக்கை மையத்துக்கு (அரசு எச்ஐவி டெஸ்ட் மையம்) வந்து ரத்தம் கொடுத்தது, ரிசல்ட் வாங்குனது, பாசிட்டிவ்னா ஏஆர்டி சென்டர்ல பதிஞ்சது, ஆறு மாசம் கழிச்சும் மாத்திரை வாங்குறது, இந்த வழி முழுக்க எத்தனை பேர் எந்த இடத்துல நின்னுடறாங்கன்னு பாருங்க. பேசுறது வரைக்கும் நல்லா இருக்கு, டெஸ்டுக்கு வர்றதுல பாதி காணாமப் போகுதுன்னா உங்க கணக்கெடுப்பு அந்த இடத்துலதான் ஆரம்பிக்கணும்.

அந்த இடத்துல போயி நின்னுட்டு ஏன்னு கேளுங்க. சொல்லத் தெரியலையா, சொல்லத் தெரிஞ்சும் வாய் வரலையா, இல்ல சொல்லியும் அந்த மனுஷன் வர முடியலையா? அஞ்செட்டி பக்கத்து மலைக் கிராமத்துல இருந்து ஒருத்தர் டெஸ்டுக்கு வரணும்னா ஒரு நாள் கூலி போகும். கிரானைட் குவாரியில வேலை செய்யுறவர் சாயங்காலம் இறங்கி வர்றதுக்குள்ள மையத்துல ரத்தம் எடுக்குற நேரம் முடிஞ்சிருக்கும். இதுக்குப் போயி உங்க ஓஆர்டபிள்யூவுக்கு (ஃபீல்டுல போயி ஆளுங்களைச் சந்திக்கிற ஊழியர்) மூணு நாள் கம்யூனிகேஷன் ஸ்கில் பயிற்சி கொடுத்து என்ன ஆகப் போகுது? அங்க தேவை சாயங்காலம் ஒரு டெஸ்டிங் கேம்ப். ட்ரெய்னிங்கால சரியாகாத விஷயத்த ட்ரெய்னிங் லிஸ்ட்ல எழுதாதீங்க தம்பி, தனியா ஒரு பேப்பர்ல எழுதி அதையும் சேத்தே அனுப்புங்க. டெஸ்ட் கிட் வரல, டிஏ படிக்காசு லேட், ஹிந்தி பேச ஆள் இல்ல, எல்லாத்தையும் எழுதுங்க. அத எழுதாம விட்டா குத்தம் பூரா ஸ்டாஃபோட திறமை மேல விழுந்துடும், அந்த அநியாயத்த நிறைய ஊர்ல பாத்திருக்கேன்.

ஹிந்தின்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஓசூர்ல இப்ப பீகார், ஒடிசா, அசாம்ல இருந்து வந்து ஷெட்டுல தங்கி வேலை செய்யுறவங்க அவ்வளவு பேர் இருக்காங்க. உள்ளூர் ஜனங்களே தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுற ஊரு அது. நம்ம சார்ட்டு, நோட்டீஸ் எல்லாம் தமிழ்ல இருக்கு. அதுக்கு அந்த ஷெட்டுக்குள்ள இருந்தே ஒருத்தரைப் பியரா எடுக்கணும், பயிற்சிங்கிறது அவருக்கு அப்புறம்தான்.

சரி, தெரியுதா தெரியலையாங்கிறத எப்படிப் பாக்குறது? கேள்வித்தாள் வேணாம், சம்பவம் கொடுங்க. நான் எப்பவும் கொடுக்குறது இது. சனிக்கிழமை ராத்திரி ஒரு டிரைவருக்கு கான்டம் கிழிஞ்சுடுச்சு, திங்கக்கிழமை காலையில தொப்பூர்ல வண்டிய ஓரங்கட்டிட்டு உங்களுக்கு ஃபோன் பண்றாரு, பயந்து போயிருக்காரு, நீங்க என்ன சொல்லுவீங்க? நிறைய பேரு, நல்ல அனுபவம் உள்ளவங்களே, "பயப்படாதீங்க, விண்டோ பீரியட்னு ஒண்ணு இருக்கு, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துக்கலாம்"னு சொல்லுவாங்க. விண்டோ பீரியட்னா கிருமி உடம்புல இருந்தும் டெஸ்ட்ல தெரியாத ஆரம்ப காலம், அது என்னன்னு பரீட்சையில கேட்டிருந்தா அவங்களுக்கு முழு மார்க்கு. ஆனா அந்த டிரைவருக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது வேற. கிருமி உடம்புல தொத்தாம தடுக்குற பெப் மருந்துன்னு ஒண்ணு இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம சாப்பிடணும். அவருக்குக் கொடுக்கலாமா வேணாமாங்கிறது டாக்டர் முடிவு, ஆனா "வண்டிய நிறுத்துங்க, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க, நான் அங்க ஃபோன் பண்றேன்"னு சொல்ல வேண்டியது நம்ம ஆளு. சனி ராத்திரியில இருந்து திங்கள் காலைக்குள்ள பாதி நேரம் போயிடுச்சு, நாம மூணு மாசம் கழிச்சுன்னு சொல்லி மீதியையும் தின்னுடறோம். இந்த ஒரு சம்பவத்துக்கு உங்க ஸ்டாஃப் சொல்ற பதில்ல, இருபது தலைப்பு ஃபார்ம்ல தெரியாதது தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு. தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு பொண்ணு, கட்டிக்கப் போற பையன் ஏஆர்டியில இருக்கான், வைரல் லோடு (ரத்தத்துல இருக்குற கிருமியோட அளவு) கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிடுச்சுன்னு அவனே சொல்லிட்டான், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கவுன்சிலரைக் கேக்குறா. வைரல் லோடு அந்த அளவுக்கு இறங்கி, மாத்திரையும் விடாம சாப்பிட்டு அது அப்படியே நின்னா உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது, இது இப்ப உறுதியான விஷயம். 2011ல முடிவு வந்த ஒரு பெரிய உலக ஆய்வு, எச்பிடிஎன் 052ன்னு சொல்லுவாங்க, சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா துணைக்குத் தொத்துறது 96 சதவீதம் குறையுதுன்னு காட்டுச்சு, அந்த ஆய்வுல நம்ம சென்னையும் ஒரு இடம். அப்புறம் வந்த ஆய்வுங்க அத இன்னும் கெட்டிப்படுத்திடுச்சு. ஆனா இத வாய்விட்டுச் சொல்ல நம்மாளுங்க தயங்குறாங்க, சொன்னா எல்லாரும் கான்டத்த விட்டுருவாங்களோன்னு பயம். அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு, மத்த பால்வினை நோய்க்கு கான்டம் வேணும்தான். ஆனா உண்மைய மறைச்சு ஒரு பொண்ணோட வாழ்க்கை முடிவ நாம எடுக்கக்கூடாது. இங்க அவங்களுக்கு விஷயம் தெரியும், சொல்றதுக்குத்தான் பழக்கமும் தைரியமும் வேணும். அந்தப் பேச்ச ரெண்டு பேரா உக்காந்து பேசிப் பாக்கணும், பிபிடி ஸ்லைடு போட்டுக் காட்டுனா அது வராது.

இப்ப பியருங்க பத்தி, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். வகுப்புல கடைசி வரிசையில வாயே தொறக்காம உக்காந்திருக்குற ஒரு அம்மா, பாலியல் தொழில்ல இருந்து பியரா வந்தவங்க, வகுப்புக்கு முன்னாடி வைக்கிற ப்ரீ டெஸ்ட் பேப்பர்ல பேரு மட்டும் எழுதிக் கொடுத்திருப்பாங்க. அதப் பாத்துட்டு இவங்களுக்கு அடிப்படையே தெரியலன்னு ரிப்போர்ட் எழுதுறாங்க. அதே அம்மா கூட ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து பாருங்க. எந்தப் பொண்ணு புதுசு, எவ பயந்துட்டு இருக்கா, யாருகிட்ட இன்னைக்குப் பேசக்கூடாது, போலீஸ் எப்ப வரும், குடிச்சுட்டு வந்தவன் கான்டம் வேணாம்னா எப்படிச் சமாளிக்கிறது, அத்தனையும் அவங்களுக்கு அத்துப்படி. அவங்களோட திறமைய அவங்க இடத்துல வச்சுத்தான் அளக்கணும். எழுதத் தெரியலன்னா வாயால கேளுங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க. முடிஞ்சா அவங்களையே மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைங்க, அதுக்கு வெளியூர் ரிசோர்ஸ் பர்சனுக்குக் கொடுக்குற அதே காசைக் கொடுங்க. திருநங்கை பியருங்க விஷயத்துலயும் இதேதான்.

இளவட்டப் பசங்க வேற ஒரு பாடம் வச்சிருக்காங்க. ஹாட்ஸ்பாட்டு, அதாவது ஆளுங்க துணை தேடி வர்ற இடம்னு நாம மேப்புல புள்ளி வச்ச இடத்துல இப்ப ஆளே இல்ல, எல்லாம் ஃபோனுக்குள்ள போயிடுச்சு, ஆப்புல பேசி ரூம்ல சந்திச்சுக்கிறாங்க. சீனியர் ஓஆர்டபிள்யூவுக்கு ஆள்கிட்ட பேசத் தெரியும் ஆனா ஆப்பு தெரியாது, சின்னப் பையனுக்கு ஆப்பு தெரியும் ஆனா அழுறவன்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியாது. ரெண்டு பேரையும் ஒரு மாசம் ஜோடியாப் போட்டுப் பாருங்க, பட்ஜெட்டே தேவைப்படாது.

அடுத்தது உங்க ஃபார்ம்ல இல்லவே இல்லாத ஆளுங்க. எச்ஐவி தடுப்புக்கு ஆளுன்னா ப்ராஜெக்ட் சம்பளம் வாங்குறவங்க மட்டும்னு நினைச்சா பாதி வேலை விட்டுப் போகும். பிரசவ வார்டு நர்ஸ், விஹெச்என் (கிராம சுகாதார நர்ஸ்), ஓபி சீட்டுப் போடுறவரு, ஓசூர் கம்பெனி எச்ஆர், இவங்க ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தர் வருவாரு, ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா ஜென்மத்துக்கும் வர மாட்டாரு. கேஸ் ஷீட்டு மேல பெருசா சிவப்பு மையில எழுதி வைக்கிற வார்டுக்குப் பயந்துக்கிட்டு ஊரு விட்டு ஊரு போயி மாத்திரை வாங்குறவங்க இருக்காங்க. 2017ல எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்கு. சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக்கூடாது, நிலைமைய வெளிய சொல்லக்கூடாது, வேலையில இருந்து தூக்கக்கூடாது. 100 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற நிறுவனத்துல புகார் அதிகாரி ஒருத்தர் இருக்கணும், மருத்துவ நிறுவனம்னா 20 பேர் இருந்தாலே போதும். உங்க ஏரியா கம்பெனிங்கள்ல எத்தனை எச்ஆருக்கு இது தெரியும்னு கேட்டுப் பாருங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல உங்க மாவட்டத்துல சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, அந்தத் திட்டத்துல வீடு வீடாப் போயி பிபி, சுகர் பாக்குறாங்க. ஏஆர்டியில இருக்குறவங்களுக்கும் வயசாகுது, பிபி வருது. அலமாரியில ஏஆர்டி டப்பாவப் பாத்துட்டு வெளிய வந்து வாயத் தொறக்காம இருக்கணும், அதுக்கும் பயிற்சி வேணும்ல.

மாத்திரை வாங்குறவங்களையும் கேளுங்க. டெஸ்ட் ரிசல்ட் சொன்னப்ப உங்ககிட்ட என்ன சொன்னாங்க, எது புரியல, எது வலிச்சுதுன்னு. பேரு, ஊரு எதுவும் எழுதாதீங்க, நீங்க கேக்காம பாசிட்டிவ் நெட்வொர்க் (எச்ஐவியோட வாழ்றவங்க சங்கம்) ஆளு ஒருத்தரை விட்டுக் கேக்கச் சொல்லுங்க, உங்ககிட்ட அவங்க உங்க ஸ்டாஃபைக் குறை சொல்ல மாட்டாங்க. "உனக்கு எப்படி வந்துச்சு"ன்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அத இன்னும் எத்தனை பேரு கேக்குறாங்கன்னு அப்ப தெரியும். அந்தக் கேள்வி கேக்குறவருக்கு எத்தனை மாடியூல் எடுத்தாலும் பத்தாது, பாசிட்டிவா வாழ்றவங்க பக்கத்துல உக்காந்து ஒரு முழு நாள் பேசுனாத்தான் கொஞ்சமாவது மாறும்.

உங்க கவுன்சிலர் ரெண்டு டிக் அடிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஃபார்ம் நிரப்புனதுல அவங்க மட்டும்தான் உண்மையா யோசிச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. தனியா உக்காந்து பேசுங்க. போன மாசம் எந்தப் பேச்சு முடிஞ்சு வீட்டுக்குப் போயித் தூக்கம் வரலன்னு கேளுங்க. நாள் பூரா அடுத்தவங்க அழுகைய வாங்கிட்டு அத எங்கயும் இறக்கி வைக்க வழியில்லாம வேலைய விட்டுட்டுப் போன கவுன்சிலருங்க நிறைய. அவங்களுக்குத் தேவை வகுப்பு இல்ல, மாசத்துக்கு ஒரு தடவை வேற ஊரு கவுன்சிலருங்களோட உக்காந்து கேஸ் பேசுற நேரம், அத நேரா அப்படியே எழுதி அனுப்புங்க.

கெடு பக்கத்துல இருந்தா அந்த ஃபார்ம நிரப்பியே அனுப்புங்க, சண்டை போட வேணாம். கூட ரெண்டு பக்கம் வைங்க, ஒண்ணுல பயிற்சியால சரியாகுறது, யாருக்கு எதுன்னு தனித்தனியா, இன்னொண்ணுல பயிற்சியால சரியாகாதது. பயிற்சி நடந்தா அன்னைக்குச் சாயங்காலம் வைக்கிற போஸ்ட் டெஸ்ட நம்பாதீங்க, மூணு மாசம் கழிச்சு அதே தொப்பூர் டிரைவர் கதைய வேற ஊரு, வேற கிழமை மாத்திக் கேளுங்க. ராத்திரி நேரத்துல டிரைவருங்க விவரம் கேக்க 1097 இலவச நம்பர் இருக்கு, அதுவும் உங்க ஸ்டாஃப் எல்லாருக்கும் மனப்பாடமான்னு நாளைக்கே கேட்டுருங்க.

அன்புடன்,
அக்கா
தர்மபுரி