கெடு முடிந்த பிறகும் பேஸ்பால் வீரர்கள் அணி மாறுவது எப்படி?

"ட்ரேட் கெடு ஜூலை 31 என்கிறார்கள். ஆனால் ஆகஸ்டிலும் வீரர்கள் அணி மாறியதாகப் படிக்கிறேன். அது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ட்ரேட் என்றால் அணிகள் தங்களுக்குள் வீரர்களைக் கொடுத்து வாங்குவது.) 2017 செப்டம்பர் 1 காலையில் என் ஒன்பது வயது மகள் என்னிடம் கேட்டதும் இதுதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, ஆபீஸில் பேசுவதைக் கேட்டு இந்த ஆட்டத்தைப் பழகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய செய்தியும் புதிய செய்தியும் கலந்து படித்தால் குழப்பம்தான் வரும். 2019இல் விதியே மாறிவிட்டது.

நான் டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்தது 2006இல். ஊர் அணியான டைகர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜஸ்டின் வெர்லாண்டர் சிறந்த புதுமுகம் விருது வாங்கிய வருடம் அது. 2011இல் 24 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருது என்று எல்லாவற்றையும் அள்ளினார். கிரிக்கெட்டில் வளர்ந்த என்னை பேஸ்பால் பக்கம் இழுத்தவர் அவர். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவருடைய 35ஆம் எண் சட்டைதான்.

2017இல் டைகர்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. வெர்லாண்டரைக் கொடுத்துவிடுவார்கள் என்று ஜூலை முழுக்கப் பேச்சு. 31ஆம் தேதி சாயங்காலம் நான்கு மணிக் கெடு தாண்டியும் அவர் போகவில்லை. "இந்த வருஷம் இனிமே எங்கேயும் போக மாட்டார்" என்று மகளுக்கு நான் உறுதி சொன்னேன். சரியாக ஒரு மாதம். ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சில நொடிகள் இருக்கும்போது, மூன்று இளம் வீரர்களை வாங்கிக்கொண்டு அவரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளி இன்னும் திறக்கவில்லை. தாமதமாக எழுந்து வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "கெடு முடிஞ்சிடுச்சுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?" என்றாள்.

அந்த வார இறுதியில்தான் உட்கார்ந்து விதியைப் படித்தேன். அப்போதெல்லாம் ஆகஸ்டில் ஒருவரை ட்ரேட் செய்ய, முதலில் அவரை வெய்வர் பட்டியலில், அதாவது மற்ற அணிகள் கேட்டு எடுக்கக்கூடிய பட்டியலில், போட வேண்டும். மற்ற அணிகளுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம். யாராவது "எனக்கு வேண்டும்" என்று கேட்டால், சொந்த அணி மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: கேட்ட அணியோடு மட்டும் ட்ரேட் பேசலாம், சம்பளச் சுமையோடு அப்படியே தள்ளிவிடலாம், அல்லது வீரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பல அணிகள் கேட்டால் அதே லீக்கில் கடைசியில் இருக்கும் அணிக்கே முதல் உரிமை. யாருமே கேட்காவிட்டால் அப்புறம் எந்த அணியோடும் பேசலாம்.

போட்டி அணிக்கு ஆள் போய்விடக் கூடாது என்பதற்காகவே குறுக்கே கை நீட்டுகிறவர்களும் உண்டு. 1998இல் அட்லாண்டாவைத் தடுக்க டொராண்டோ அணியின் பிட்சர் ராண்டி மையர்ஸைக் கேட்டது சான் டியேகோ. டொராண்டோ "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட, அவருடைய முழுச் சம்பளமும் சான் டியேகோ தலையில் விழுந்தது. வெர்லாண்டருக்கு இன்னும் இரண்டு வருடம், வருடத்துக்கு 2.8 கோடி டாலர் பாக்கி. அதற்குப் பயந்து ஒருவரும் கேட்கவில்லை. அதனால் ஆகஸ்ட் முழுக்கக் கதவு திறந்தே இருந்தது. மேல்மட்டமான மேஜர் லீக்கில் 10 வருடம், அதில் கடைசி 5 வருடம் ஒரே அணி என்றால் வீரர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. வெர்லாண்டருக்கு அந்த உரிமை இருந்தது. அவர் சம்மதித்துத்தான் போனார். இதை மகளிடம் சொல்ல எனக்குப் பல மாதம் ஆயிற்று.

ஆபீஸில் ஒரு பெரியவர், "1987லேயே எங்களுக்கு இது பழகிப்போச்சு" என்றார். அந்த ஆகஸ்டில் டாயில் அலெக்சாண்டர் என்ற பிட்சருக்காக டைகர்ஸ் கொடுத்த மிஷிகன் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ், பின்னாளில் ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். அலெக்சாண்டர் 9 ஆட்டம் ஜெயித்து, ஒன்றுகூடத் தோற்காமல் டிவிஷனில் (அணிகளின் பிரிவில்) முதலிடத்தை வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

2017 ஆஸ்ட்ரோஸ், எதிரணி பிட்சருக்கு என்ன பந்து வீசச் சொல்கிறது என்ற சைகையைத் திருடிய அணி என்று கீழே எழுத வருவீர்கள். தெரியும். அந்தத் திருட்டு மட்டை பிடித்தவர்களுக்கு உதவியது. செப்டம்பரில் 5 ஆட்டம் வீசி ஐந்தையும் ஜெயித்த வெர்லாண்டரின் பந்தை அது குறைத்துவிடாது. ஐபிஎல் ஏலம் மாதிரிதானே என்றும் சிலர் சொல்வார்கள். அங்கே வீரர் தானே பெயர் கொடுத்து ஏலத்துக்கு வருகிறார். இங்கே பாதி சீசனில் குடும்பத்தை விட்டுவிட்டு வேறு ஊருக்கு ஓட வேண்டும்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஆட்டங்களை ஆன்லைனில் பார்க்க மகளுக்காக வருடச் சந்தா கட்டியிருந்தேன். அப்போது உள்ளூர் அணியின் ஆட்டம் உள்ளூரில் தெரியாதாம், கேபிள் உரிமையாம். பணம் கட்டியவனுக்குத் தன் ஊர் அணி தெரியாது என்பது என்ன நியாயம்? வெர்லாண்டர் ஹூஸ்டன் போன பிறகுதான் அந்தச் சந்தாவில் அவர் வீசுவதை நாங்கள் முழுதாகப் பார்த்தோம்.

சரி, இப்போதைய விதி. 2019 முதல் ஒரே கெடுதான். அதற்குப் பிறகு, அந்த சீசனில் அணியின் 40 பேர் கொண்ட முக்கியப் பட்டியலில் இருந்த யாரையும் ட்ரேட் செய்ய முடியாது. அந்தப் பட்டியலுக்கே வராத மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) ஆட்களை மாற்றலாம். மற்றவர்களை வெய்வரில் விட்டால், கேட்ட அணிக்குப் போனது போனதுதான். பதிலுக்கு எதுவும் கிடைக்காது. 2023இல் ஏஞ்சல்ஸ் அணி, ஜூலையில் இளம் வீரர்களைக் கொடுத்து வாங்கிய பிட்சர் ஜியோலிட்டோவை ஆகஸ்ட் கடைசியில் இப்படித்தான் விட்டது. கிளீவ்லாண்ட் அவரோடு இன்னும் இருவரையும் எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 31க்குள் வந்து சேர்ந்தால்தான் பிளேஆஃபில் ஆடலாம் என்பதால் அந்த அவசரம்.

கெடுவும் இப்போது ஜூலை 31 என்று நிலையாக இல்லை. 2022 முதல் ஜூலை 28க்கும் ஆகஸ்ட் 3க்கும் இடையில் ஒரு நாளைக் கமிஷனர் குறிக்கிறார். 2023இல் அது ஆகஸ்ட் 1. அன்றைக்குத்தான் இதே வெர்லாண்டர் நியூயார்க் மெட்ஸிலிருந்து மறுபடி ஹூஸ்டனுக்குப் போனார். நீங்கள் படித்தது அந்தச் செய்தியாக இருந்தால், அது கெடுவுக்குள் நடந்த ட்ரேட்.