பழைய பிசிக்கு முதலில் எதை ஏற்றுவது? – கேள்வி பதில்

டாஸ் முதல் விண்டோஸ் 98 வரை ஓடும் பிசிகளுக்கு அவசியமான மென்பொருள் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். பிராசஸர், ரேம், டிஸ்க், சவுண்டு கார்டு நான்கையும் எழுதிக் கேளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால், எதையும் தொடும் முன் அதை முழுசாக இமேஜ் (டிஸ்கின் அப்படியே நகல், ஒரே கோப்பாக) எடுத்து வையுங்கள். அந்த மெஷினுக்கே உரிய டிரைவர் அதில் மட்டும்தான் மிச்சம் இருக்கும், பல சமயம்.

டர்போபட்டன்: 486 டிஎக்ஸ்2-66, 16 எம்பி ரேம், ஐடிஇ அடாப்டரில் 4 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட்ஃபிளாஷ்) கார்டு, சவுண்டு பிளாஸ்டர் 16, என்இ2000 வகை ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு. சிஎஃப் கார்டு காலியாக இருக்கிறது. எங்கே ஆரம்பிக்க?

பதில்: முதலில் பயாஸ் (மெஷின் தொடங்கும்போது ஓடும் போர்டின் நிரல்) அந்தக் கார்டை எவ்வளவு என்று காட்டுகிறது என்று பாருங்கள். பல 486 பயாஸ்கள் 504 எம்பிக்கு மேல் பார்க்காது. அப்படியென்றால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸை ஒரு ரோம் சிப்பில் எழுதி, நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகலாம். அதற்கு வசதி இல்லையென்றால் ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற ஒன்றை டிஸ்கின் தொடக்கத்தில் எழுத வேண்டும். முதல் வழிதான் நல்லது. இரண்டாவதில் கார்டை வேறு மெஷினில் போட்டால் பார்ட்டிஷன் தெரியாமல் போகும்.

அடுத்து எம்எஸ்-டாஸ் 6.22. ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது, ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். பிரிப்பதையும் ஃபார்மேட் செய்வதையும் அந்த 486-லேயே செய்யுங்கள். புது லேப்டாப்பில் செய்தால் சிலிண்டர், ஹெட் கணக்கு மாறி, டைரக்டரி எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தும் பூட் ஆகாது. எஃப்டிஸ்க் (டிஸ்கைப் பிரிக்கும் டாஸ் நிரல்) முடிந்ததும் "எஃப்டிஸ்க் /எம்பிஆர்" ஒரு தடவை கொடுங்கள். கார்டில் ஏற்கெனவே பார்ட்டிஷன் அடையாளம் இருந்தால் எஃப்டிஸ்க் பூட் கோடை எழுதாமல் விட்டுவிடும். கேமராவில் இருந்து வந்த கார்டுகள் கர்சர் மட்டும் மின்னி நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

பிறகு கோப்புகள் உள்ளே வர ஒரு பாதை போடுங்கள். மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். பாதை இருந்தால் மீதி எல்லாம் தானாக வந்து சேரும். கார்டைக் கழற்றி ரீடரில் போடலாம், ஆனால் பவரை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நெட்வொர்க் இருப்பதால் எம்டிசிபி (டாஸுக்கான நெட்வொர்க் நிரல்கள்) தொகுப்பை ஒரே ஒரு ஃபிளாப்பியில் கொண்டுபோய் விடுங்கள். நெட்வொர்க் கார்டின் பாக்கெட் டிரைவரை (டாஸில் அந்தக் கார்டை இயக்கும் டிரைவர்) ஹெக்ஸ் 60 இன்டரப்டில் ஏற்றுங்கள். கார்டு போர்ட் 300, ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் கோடு) 10 இருக்கட்டும். ஐஆர்க்யூ 3 காம்2-க்கும், 5 சவுண்டு கார்டுக்கும், 7 பிரிண்டருக்கும் போய்விடும். எம்டிசிபியின் அமைப்புக் கோப்பிலும் அதே 60-ஐ எழுதி, அதன் டிஎச்சிபி நிரலை ஓட்டி, எஃப்டிபி சர்வரைக் கிளப்பினால் புது மெஷினிலிருந்து நேராகக் கோப்புகளைத் தள்ளலாம்.

"கார்டு கிடைக்கவில்லை" என்று பாக்கெட் டிரைவர் சொன்னால் கார்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ரியல்டெக் 8019 சிப் உள்ள கார்டுகள் பிளக் அண்ட் பிளே நிலையில் இருந்தால் டாஸில் யாரும் அவற்றை எழுப்புவதில்லை. அந்தக் கார்டுக்கான அமைப்பு நிரலை ஓட்டி, ஜம்பர்லெஸ் நிலைக்கு மாற்றி, போர்ட்டையும் ஐஆர்க்யூவையும் கார்டிலேயே பதிந்துவிடுங்கள்.

இனி தினசரித் தேவை. நினைவகத்துக்கு ஹைமெம் (1 எம்பிக்கு மேல் உள்ள ரேமைத் திறப்பது), ஈஎம்எம்386 (டிரைவர்களை 640 கேபிக்கு மேலே ஏற்ற இடம் தருவது). மவுசுக்கு க்யூட்மவுஸ், 4 கேபிக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். சிடி டிரைவ் இருந்தால் ஓக் டிரைவரை விட்டுவிட்டு வைட்-சிடிடி போடுங்கள், 5 கேபி சுமாரில் முடியும். விண்டோஸ் 98 பூட் ஃபிளாப்பியில் வரும் ஓக் 30 கேபிக்கு மேல் தின்னும். எம்எஸ்சிடெக்ஸுக்கு (சிடிக்கு டிரைவ் எழுத்து தருவது) பிறகுதான் ஸ்மார்ட்ட்ரைவ் (டிஸ்க் கேஷ்) வர வேண்டும், அப்போதுதான் சிடியும் கேஷ் ஆகும். ஸ்மார்ட்ட்ரைவை "/எக்ஸ்" சேர்த்து ஏற்றுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டியது ரேமில் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் பவரை அணைப்பீர்கள், கோப்புகள் எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை பாதியில் நிற்கும்.

சவுண்டு கார்டு பிளக் அண்ட் பிளே வகையானால் யூனிசவுண்ட். கார்டை எழுப்பி அமைத்துவிட்டு வெளியேறிவிடும், நினைவகத்தில் ஒரு பைட்கூடத் தங்காது. ஆட்டோஎக்ஸெக் கோப்பின் பிளாஸ்டர் வரியில் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5 என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்துத்தான் அது கார்டை அமைக்கிறது.

சுருக்கிய கோப்புகளுக்கு பிகே-அன்சிப் 2.04ஜி, கோப்பு மேலாண்மைக்கு வோல்கோவ் கமாண்டர். அது ஒரே ஒரு காம் கோப்பு, 64 கேபிக்குள், ஃபிளாப்பியிலிருந்தே ஓடும். கடைசியில் "மெம் /சி /பி" கொடுத்துப் பாருங்கள். முதல் 640 கேபியில் 600 கேபிக்கு மேல் காலி இருந்தால் வேலை முடிந்தது.

நீலத்திரை: 6.22 எதற்கு, ஃப்ரீடாஸ் இருக்கும்போது?

பதில்: நல்ல கேள்வி. ஃப்ரீடாஸ் இன்றும் வளர்கிறது, 1.3 பதிப்பு 2022-இல் வந்தது. ஃபேட்32 தெரியும், பெரிய டிஸ்க் தெரியும், தேவையான சின்னச் சின்ன நிரல்கள் கூடவே வருகின்றன. விளையாட்டும் பழைய நிரல்களும் மட்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் 3.11 வேண்டும் என்றால் 6.22 போடுங்கள். அந்த விண்டோஸ் 386 என்ஹான்ஸ்டு நிலையில்தான் ஓடும், ஃப்ரீடாஸில் அந்த நிலை தகராறு. விண்டோஸ் 98-க்குள் இருக்கும் டாஸ் 7.1-லும் 3.11 பேட்ச் இல்லாமல் ஏறாது.

பிக்சல்பூனை: அண்ணா, கமடோர் 64-க்கு என்னென்ன வேண்டும்?

பதில்: அது என் களம் இல்லை. கமடோர் இழையில் கேளுங்கள்.

ஸ்லாட்1: பென்டியம் 3 800, 1 ஜிபி ரேம், விண்டோஸ் 98 எஸ்இ. இன்ஸ்டால் ஆகிறது, பிறகு "போதிய நினைவகம் இல்லை" என்கிறது. 1 ஜிபி போதாதா?

பதில்: அதிகமானதுதான் பிரச்சினை. 98-இன் கோப்புக் கேஷ் ரேமின் அளவைப் பார்த்து தன் உச்ச வரம்பைக் கூட்டிக்கொள்ளும். அதற்கான முகவரிகளை எடுக்கும் பகுதியும் ஏஜிபி அபெர்ச்சர் (கிராபிக்ஸ் கார்டுக்கான முகவரிப் பகுதி), கணினி டிரைவர்கள் எடுக்கும் பகுதியும் ஒன்றே. ரேம் இருந்தும் முகவரி தீர்ந்துவிடுகிறது. ஒரு ரேம் குச்சியைக் கழற்றி 512 எம்பி ஆக்குவதுதான் சுத்தமான தீர்வு. அந்தக் கால நிரல் எதுவும் அதற்கு மேல் கேட்காது. கழற்ற மனமில்லையென்றால் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் பகுதியின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவை 262144 என்று வையுங்கள் (கேபி கணக்கு, அதாவது 256 எம்பி). அதற்கும் அடங்கவில்லையென்றால் 386என்ஹ் பகுதியில் மேக்ஸ்ஃபிஸ்பேஜ் 20000. இது ஹெக்ஸ் எண், 4 கேபி பக்கக் கணக்கு, சரியாக 512 எம்பி.

இன்ஸ்டால் செய்யும்போது சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை டிஸ்கில் நகலெடுத்து அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு டிரைவருக்கும் சிடி கேட்காது. நகலெடுக்கும் முன் ஸ்மார்ட்ட்ரைவ் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஆமை வேகம். அதற்குப் பிறகு வரிசை: மதர்போர்டு சிப்செட் டிரைவர், டைரக்ட்எக்ஸ், கிராபிக்ஸ், சவுண்டு, நெட்வொர்க். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரீஸ்டார்ட். சிப்செட்டுக்கு முன் கிராபிக்ஸ் போட்டால் ஏஜிபி சரியாக அமையாமல் 3டி தொடங்கியதும் உறையும். சிப்செட் முடிந்ததும் ஒரு இமேஜ், எல்லாம் முடிந்ததும் ஒரு இமேஜ்.

டர்போபட்டன்: உங்கள் பட்டியலில் ஈஎம்எம்386 ஏன்? அது பிராசஸரை வேகம் குறைக்கும், அல்டிமா 7 ஓடவே ஓடாது. நான் ஹைமெம் மட்டும்தான் போடுவேன்.

கன்வென்ஷனல்640: ஈஎம்எம்386 இல்லாமல் 600 கேபி எப்படி வரும்? எல்லா டிரைவரும் கீழேயே உட்கார்ந்துவிடும். விங் கமாண்டர் மாதிரி ஈஎம்எஸ் (பக்கம் பக்கமாக மாற்றித் தரும் கூடுதல் நினைவகம்) கேட்கும் விளையாட்டை என்ன செய்வீர்கள்?

டர்போபட்டன்: ஈஎம்எஸ் கேட்பவை கைவிரல் எண்ணிக்கைதான்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் இரண்டு பேரும் ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் ஓட்டப் பார்க்கிறீர்கள். ஈஎம்எம்386 ஏறியதும் பிராசஸர் மெய்நிகர் 8086 நிலைக்குப் போகிறது. டாஸ் முழுவதும் அதற்குள் ஓடுவதால் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் சுற்றுவழி. 486-இல் அந்த இழப்பு கொஞ்சம்தான். அல்டிமா 7 ஓடாததற்குக் காரணம் வேகம் இல்லை. அதன் சொந்த நினைவக மேலாளர் பிராசஸரைத் தன் கையில் எடுக்க வேண்டும், ஏற்கெனவே ஈஎம்எம்386 உட்கார்ந்திருந்தால் எடுக்க முடியாது.

டாஸ் 6-இல் பூட் மெனு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் மெனு பகுதி ஒன்று, அதன் கீழ் மூன்று தேர்வுகள். முதலாவது ஈஎம்எம்386 "நோஈஎம்எஸ்" உடன்: ஈஎம்எஸ்ஸுக்கு ஒதுக்கும் 64 கேபி பக்கச் சட்டம் திரும்பக் கிடைக்கிறது, டிரைவர்கள் மேலே போகின்றன. பெரும்பாலானவற்றுக்கு இது போதும், இதையே இயல்பாக வையுங்கள். இரண்டாவது "ரேம்" என்ற சொல்லோடு: ஈஎம்எஸ் கேட்பவற்றுக்கு. மூன்றாவது ஹைமெம் மட்டும், சிடி டிரைவர் இல்லாமல்: அல்டிமா 7 போன்றவற்றுக்கு. ஆட்டோஎக்ஸெக் கோப்பில் "கான்ஃபிக்" மாறியை வைத்து அந்தந்தப் பகுதிக்குத் தாவச் செய்தால் முடிந்தது.

கன்வென்ஷனல்640: மோனோ (ஒற்றை வண்ணத் திரைக்கான) பகுதியைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் 32 கேபி கிடைக்குமே?

பதில்: கிடைக்கும். பி000 முதல் பி7எஃப்எஃப் வரை சேர்க்கச் சொல்லலாம், கலர் விஜிஏ அதைத் தொடுவதில்லை. சில சூப்பர் விஜிஏ கார்டுகள் தொடும். அப்போது திரை மாறும் நேரத்தில் மெஷின் உறையும். சேர்த்தபின் ஒரு உயர் தெளிவு நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டு தன் நினைவகத்தை டி000-இல் காட்டுமானால் அந்த இடத்தை விலக்கவும் மறக்காதீர்கள். ரோம் சிப்பை ஈஎம்எம்386 தானே கண்டுபிடித்துவிடும், கார்டின் பகிர்வு ரேமைக் கண்டுபிடிக்காது.

டர்போபட்டன்: யூஎம்பி-பிசிஐ போட்டால் மெய்நிகர் நிலையே வேண்டாம்.

பதில்: அருமையான கருவி, ஆனால் பெயரிலேயே இருப்பதுபோல் பிசிஐ சிப்செட் வேண்டும், சிப்செட்டின் ஷேடோ ரேமைத் திறந்து தருகிறது. உங்கள் 486-இல் பிசிஐ இல்லையென்றால் வேலைக்கு ஆகாது. சில சிப்செட்களில் அந்த இடத்துக்கு டிஎம்ஏ எட்டாது, ஃபிளாப்பி படிக்கும்போது கோளாறு வரும். பென்டியம் போர்டுகளில் முயன்று பாருங்கள்.

புதியவன்98: சார், பென்டியம் மெஷினுக்கு முக்கியமான சாஃப்ட்வேர் லிஸ்ட் ப்ளீஸ்.

பதில்: மேலே டர்போபட்டனுக்கும் ஸ்லாட்1-க்கும் எழுதியதைப் படியுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் ரேம், டிஸ்க், கார்டு விவரத்தோடு வாருங்கள்.

செவ்வகப்பெட்டி: 98-இல் பென் டிரைவ் தெரியவில்லை.

பதில்: 98 எஸ்இயில் பொதுவான பென் டிரைவ் டிரைவர் கிடையாது. டிவைஸ் மேனேஜரில் உள்ள யூஎஸ்பி உள்ளீடுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு என்யூஎஸ்பி தொகுப்பைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீக்காமல் போட்டால் பழைய டிரைவரோடு மோதும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸும் தெரியாது.

ராம்குச்சி: எந்த பிரவுசர் போடலாம்? ஆன்டிவைரஸ்?

பதில்: இரண்டும் வேண்டாம். இன்றைய தளங்களின் குறியாக்கத்தை அந்தக் காலப் பிரவுசர்களால் பேச முடியாது, பேசினாலும் பக்கங்களின் ஸ்கிரிப்ட் சுமையில் மெஷின் நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டத்தை இணையத்தில் விடுவது ஆபத்தும்கூட. வீட்டு நெட்வொர்க்குக்குள் எஃப்டிபி போதும். கோப்புகளைப் புது மெஷினில் ஸ்கேன் செய்துவிட்டு அனுப்புங்கள்.

நீலத்திரை: 98-க்கு 160 ஜிபி டிஸ்க் போடலாமா?

பதில்: கூடாது. அதன் ஐடிஇ டிரைவர் 137 ஜிபி வரைதான் எண்ணும். அதைத் தாண்டி எழுதும்போது எண் சுற்றிக்கொண்டு டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். நிரம்பும் வரை எல்லாம் நன்றாக இருக்கும், ஒரு நாள் ஃபோல்டர் பெயர்கள் குப்பையாகும். 120 ஜிபியோடு நிறுத்துங்கள். 98-இன் பழைய எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேல் அளவைத் தப்பாகக் காட்டும், ஃப்ரீடாஸ் எஃப்டிஸ்கில் பிரியுங்கள்.

எழுத்துரு: என் பழைய டிஸ்கி தமிழ்க் கோப்புகளை 98-இல் படிக்க?

பதில்: டிஸ்கி எழுத்துரு ஒன்றை ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும், அது 8 பிட் குறியீடு, சிஸ்டத்தின் உதவி எதுவும் வேண்டாம். யூனிகோடுத் தமிழ் என்றால் லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000-இல் ஆரம்பியுங்கள்.

பிக்சல்பூனை: டர்போ பாஸ்கல் நிரல் "ரன்டைம் எரர் 200" என்று நிற்கிறது, பென்டியம் 2-இல்.

பதில்: நிரல் தொடங்கும்போது பிராசஸர் வேகத்தை அளக்கிறது. மெஷின் வேகமாக இருப்பதால் வகுத்த விடை 16 பிட்டில் அடங்கவில்லை. அந்த இஎக்ஸ்இ கோப்பைத் திருத்தும் டிபிபேட்ச் போன்ற சின்ன நிரல் போதும், மெஷினில் எதையும் மாற்ற வேண்டாம்.

புதியவன்98: இமேஜ் இமேஜ் என்கிறீர்களே, சி டிரைவ் ஃபைல்களை காப்பி செய்தால் போதாதா?

பதில்: போதாது. பூட் செக்டரும் பார்ட்டிஷன் அட்டவணையும் கோப்புகள் அல்ல, காப்பியில் வராது. சிஎஃப் கார்டை ரீடரில் போட்டு, பார்ட்டிஷனை அல்லாமல் முழு டிஸ்கையும் செக்டர் செக்டராக எடுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர், லினக்ஸில் டிடி. ஒரு விஷயம் கவனியுங்கள்: 4 ஜிபி என்று அச்சிட்ட இரண்டு கார்டுகளில் செக்டர் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. இமேஜைத் திரும்ப எழுதும்போது புதுக் கார்டு சில செக்டர் குறைவாக இருந்தால் எழுதும் நிரல் மறுத்துவிடும். அதனால் பார்ட்டிஷன் பிரிக்கும்போதே கடைசியில் 100 எம்பியைக் காலியாக விடுங்கள். அப்போது இமேஜின் வாலை வெட்டிவிட்டு எழுதினாலும் எதுவும் இழப்பதில்லை.