அயர்லாந்துத் துரையின் வம்சம்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா இங்கே ரப்பர் தோட்ட மேனேஜராக இருந்த அயர்லாந்துத் துரை. பெரிய நிலக்காரக் குடும்பமாம். எப்படித் தேடுவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் பாட்டியின் பிறப்புப் பத்திரத்தையும் ஞானஸ்நானப் பதிவையும் எடுங்கள். தகப்பன் பெயர் இல்லையென்றால் மரபணுச் சோதனைதான் வழி. கொள்ளுத்தாத்தாவின் பங்கு உங்களிடம் சுமார் 12.5 விழுக்காடு இருக்கும்.

துரையின் முழுப்பெயரும் சொந்த ஊரும் கிடைத்தபின், 1901, 1911 குடிமதிப்பைப் பாருங்கள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதற்கு முந்தையவற்றில் மிஞ்சியது சொற்பம்: 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது, அதற்கும் முந்தையவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் போயிற்று.

அந்த இடைவெளிக்குக் கைகொடுப்பது 1847–64 கிரிஃபித் மதிப்பீடு, அதாவது வரிக்காக அயர்லாந்தின் நிலம், வீடுகளை மதிப்பிட்ட பதிவு. ஒவ்வொரு சிற்றூரிலும் குடியிருந்தவர் பெயரும் குத்தகைக்கு விட்டவர் பெயரும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: குத்தகைக்கு விட்டவர் இடைத்தரகராகவும் இருக்கலாம். நிலம் யாருடையது என்பதை டப்ளின் பத்திரப் பதிவகத்தில், 1708 முதலான பதிவுகளில் சரிபாருங்கள். குடும்பப் பெயர் ஒன்றே என்பதால் மாளிகைக்காரர் உறவாகிவிட மாட்டார். அதே பெயரில் குத்தகைதாரர்களும் ஏராளம்.