இலத்திரனியல் கேள்வி பதில்: ஒரே முனையிலிருந்து இரண்டு எதிர்ச் சைகைகள்

கேள்வி: ஏடிடைனி85 நுண்கட்டுப்படுத்தியில் எனக்கு ஒரேயொரு முனைதான் மிஞ்சியிருக்கிறது. அதிலிருந்து, ஒன்று உயரும்போது மற்றது தாழும் இரண்டு சைகைகளைப் பெற்று, 12 வோல்ற் அரைப்பாலச் சுற்றொன்றின் (வழங்கலுக்கும் புவிக்கும் இடையே ஒன்றன்கீழ் ஒன்றாக இரு ஆளிகள் உள்ள சுற்று) ஆளிகளாகிய இரு மொஸ்பெற் திரான்சிற்றர்களை இயக்க விரும்புகிறேன். ஒரு திரான்சிற்றரால் சைகையைத் தலைகீழாக்கினால் போதாதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இரண்டு எல்ஈடிகளை மாறி மாறி ஒளிர வைப்பதுதான் நோக்கமென்றால் திரான்சிற்றர்கூடத் தேவையில்லை. ஒன்றை 5 வோல்ற்றுக்கும் முனைக்கும் இடையிலும் மற்றதை முனைக்கும் புவிக்கும் இடையிலும் தத்தம் தடையியுடன் இணைத்தால் வேலை முடிந்துவிடும். அரைப்பாலத்தின் கதை வேறு. பிசி547 போன்ற திரான்சிற்றர் நிரம்பல் நிலையிலிருந்து (முழுதாகக் கடத்தும் நிலை) மீள நேரம் எடுக்கும். அதன் வெளியீடாகிய சேகரிப்பான் சைகையும் தடையியின் வழியே மெதுவாகவே உயரும். சைகையைத் தலைகீழாக்கவே அமைந்த 74எச்சி04 நொட் படலை இதைச் சில நனோ செக்கன்களில் செய்துவிடும். அந்தச் சிறு தாமதமும் வேண்டாமென்றால் 74எச்சி86 சில்லில் இரண்டு எக்ஸ்ஓர் படலைகளை எடுத்து, ஒன்றின் இரண்டாம் உள்ளீட்டைப் புவிக்கும் மற்றதன் இரண்டாம் உள்ளீட்டை 5 வோல்ற்றுக்கும் கட்டுங்கள். முதலாவது சைகையை அப்படியே தரும், இரண்டாவது தலைகீழாக்கும், இரண்டின் தாமதமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

ஆனால் இந்தத் துல்லியம் உங்கள் சுற்றுக்கு உதவாது, கெடுதலே செய்யும். மொஸ்பெற் அணைவதற்கும் நேரம் தேவை என்பதால், ஒன்று முழுதாக அணையுமுன் மற்றது திறந்துகொண்டால் (மின்னைக் கடத்தத் தொடங்கினால்) 12 வோல்ற் வழங்கல் இரண்டினூடாகவும் நேரே புவிக்குப் பாயும். எனவே இரண்டும் அணைந்திருக்கும் ஓர் இடைவெளியை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். 74எச்சி14 சில்லொன்றே இதற்குப் போதும். அதன் ஆறு தலைகீழாக்கிகளில் ஒன்று எதிர்ச் சைகையை உருவாக்கும். பின்னர் ஒவ்வொரு சைகையையும் 1 கிலோஓம் தடையி, 1 நனோபரட் கொள்ளளவி ஆகியவற்றின் வழியாக அனுப்பி, இரண்டிரண்டு தலைகீழாக்கிகளால் சீராக்குங்கள். தடையிக்குச் சமாந்தரமாக 1என்4148 இருவாயியை, அதன் கதோட்டு சைகை வரும் பக்கத்தில் இருக்கும்படி இணைத்தால், சைகை விழுவது உடனேயும் எழுவது ஏறத்தாழ முக்கால் மைக்ரோசெக்கன் தாமதித்தும் நிகழும். எஞ்சும் ஆறாவதன் உள்ளீட்டைத் தொங்கவிடாமல் புவியுடன் இணைத்துவிடுங்கள்.

இந்த வெளியீடுகளும் மேல் மொஸ்பெற்றின் கேற்றை (அதைத் திறந்து அணைக்கும் முனை) நேரே இயக்கா. இடையில் ஓர் இயக்கிச் சில்லு வேண்டும். எப்படியும் அதை வாங்கப்போகிறீர்கள் என்பதால், ஐஆர்2104ஐத் தேடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஓர் உள்ளீட்டிலிருந்து இரு எதிர் வெளியீடுகளையும், வழமையாக 520 நனோ செக்கன் இடைவெளியையும் அதுவே தந்துவிடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் கடைகளில் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நுண்கட்டுப்படுத்தி மீளத் தொடங்கும் கணத்தில் அதன் முனை உயர்வுமின்றித் தாழ்வுமின்றி மிதக்கும். 10 கிலோஓம் தடையியால் அதைப் புவிக்கு இழுத்து வைத்தால் கீழ் மொஸ்பெற் மட்டுமே திறந்திருக்கும். இரண்டையும் ஒருசேர அணைப்பது ஒற்றை எதிர்ச் சைகையால் இயலாது. அதற்கு ஐஆர்2104இன் நிறுத்தல் முனையைத் தனியே கையாள வேண்டும். வேறொரு வேலையை இடம்மாற்றி, 5ஆம், 6ஆம் கால்கள் இரண்டையும் விடுவிக்க முடிந்தால், ஏடிடைனி85இன் முதலாம் நேரக்கணிப்பி (டைமர்1) இடைவெளியுடன் கூடிய எதிர்ச் சைகைகளைத் தானாகவே தரும்.

கேள்வி: மின்மாற்றியொன்றைத் தள்ளு-இழு முறையில் (இரு ஆளிகள் மாறி மாறி எதிர்த்திசைகளில் இயக்கும் முறை) இயக்க, சரிபாதி அகலமுள்ள இரு எதிர்ச் சைகைகள் வேண்டும். என் துடிப்பின் அகலமோ சீராக இல்லை.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: 74எச்சி74 சில்லில் உள்ள, நிலையை நினைவில் வைத்திருக்கும் பிளிப்-புளொப் ஒன்றின் எதிர் வெளியீட்டை அதன் டி உள்ளீட்டுடன் இணைத்து, உங்கள் துடிப்பைக் கடிகார உள்ளீட்டுக்குக் கொடுங்கள், பயன்படுத்தாத செற், ரீசெற் உள்ளீடுகளை 5 வோல்ற்றுடன் கட்டுங்கள். துடிப்பு எழும் ஓரம் மட்டுமே கணக்கில் வருவதால் அதன் அகலம் பொருட்டன்று. அதிர்வெண் பாதியாகும் என்பதால், 10 கிலோஹேர்ட்ஸ் வேண்டுமானால் 20 கொடுக்க வேண்டும். நிரல் இடையில் உறைந்துவிட்டால் ஒரு வெளியீடு உயர்ந்தபடியே நின்று மின்மாற்றியின் அகணி (காந்த உள்ளகம்) காந்தப்புலத்தால் நிரம்பிவிடும். வழங்கலில் உருகி ஒன்றை அவசியம் இடுங்கள்.