நிறைகுடமும் முழுக்குடமும்

வணக்கம். மொழிபெயர்ப்பு பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு கதையில் 'முழு குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் 'முழு'வை அடித்துவிட்டு 'நிறைகுடம்' என்று போடச் சொன்னார். நான் 'நிறைக்குடம்' என்று எழுத, அந்தக் 'க்'கையும் அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்கிறார். முழு, நிறை, நிரம்பிய எல்லாம் ஒரே பொருள்தானே? எதை எங்கே போடுவது?
— ம.

அன்புள்ள ம.,

நண்பர் திருத்திய இரண்டும் சரி. ஆனால் 'அப்படித்தான்' என்று விட வேண்டியதில்லை, காரணம் இருக்கிறது.

இப்படிக் குழம்பும்போது நான் எதிர்ச்சொல்லைத் தேடுவேன். 'முழு'வுக்கு எதிரே நிற்பது பாதி, துண்டு. 'நிரம்பிய'துக்கு எதிரே காலி. 'நிறை'க்கு எதிரே குறை. அப்படிப் பார்த்தால் முழுக்குடம் என்பது உடையாத குடம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அது முழுக்குடம்தான். தண்ணீர் பிடிக்க இனி இடமில்லை என்றால் நிரம்பிய குடம். வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது, குறை இல்லை என்றால் நிறைகுடம்.

'முழு மாதம்' என்றால் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை. 'நிறைமாதம்' என்றதும் பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் ஒரு பெண் கண்முன் வந்துவிடுகிறாள். மனமும் அப்படியே. முழுமனதோடு சம்மதிப்பவருக்குத் தயக்கம் இல்லை, மனம் இரண்டாகப் பிரியவில்லை. மனநிறைவோடு விடைபெறுபவருக்கோ கேட்க இனி எதுவும் இல்லை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வாக்கியமே கெட்டுவிடும். 'மனம் நிரம்பியது' என்று அதிகம் சொல்வதும் இல்லை. மனத்துக்கு விளிம்பு கிடையாதே!

சரி, அந்தக் 'க்'குக்கு வருகிறேன். நிறைகுடம் வினைத்தொகை. நிறைந்த குடம், நிறைகின்ற குடம், நிறையும் குடம் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதனால் 'க்' வராது. 'முழு' வினை இல்லை, அதனால் முழுப்பக்கம், முழுக்கதை என்று மிகும். உங்கள் முதல் வாக்கியத்திலும் 'முழுக் குடம்' என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

இதை வெறும் இலக்கண விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்னீர பேதையார் நட்பு' என்கிறது குறள். அறிவுடையவர்களின் நட்பு வளர்பிறைபோல நாளுக்கு நாள் நிறையும், பேதையரின் நட்பு தேய்பிறைபோலப் பின்னே போகும். இங்கே 'நிறை' என்பது முடிந்துபோன நிலை இல்லை, நிறைந்துகொண்டே இருப்பது. 'முழு'வுக்கு இந்த அசைவு கிடையாது. எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியை ஒரு தண்ணீர் பாட்டிலில் சோதிக்கலாம். பாதி தண்ணீரோடு மூடிக் குலுக்கினால் களக் களக் என்று சத்தம் வரும். கழுத்து வரை, காற்றுக்கு இடமே விடாமல் நிரப்பி மூடிக் குலுக்குங்கள். சத்தமே இருக்காது, கையில் கனம் மட்டும்தான். 'நிறை' என்றால் கனம் என்றும் பொருள். அதனால்தான் தராசுக்கு நிறைகோல் என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை வேறு, எடை வேறு: நிலாவுக்குப் போனால் உங்கள் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும், நிறை மாறாது. இலங்கைப் பாடநூல்களிலோ எடையைத்தான் நிறை என்பார்கள், நிலாவிலும் மாறாத அந்த அளவுக்குத் திணிவு என்று பெயர். மொழிபெயர்க்கும்போது மூல நூல் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மொழிபெயர்ப்புகளில் 'நிறைந்த' என்ற சொல் தேவையில்லாமல் பெருகிவிட்டது. ஆபத்து நிறைந்த பாதை, பயன் நிறைந்த உரை, மகிழ்ச்சி நிறைந்த முகம். ஆபத்தான பாதை, பயனுள்ள உரை, மலர்ந்த முகம் என்று நமக்கு இருக்கிறதே! ஒருமுறை 'குறைகள் நிறைந்த அறிக்கை' என்று நானே எழுதிவிட்டேன். குறையையும் நிறையையும் ஒரே தொடரில் மோதவிட்டது அச்சில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. 'குறைகள் மலிந்த' என்றிருக்க வேண்டும். கெட்டது பெருகினால் 'மலிந்த' என்பது பொருத்தமாக இருக்கும். ஊழல் மலிந்த, பிழை மலிந்த என்று காதுக்கும் பழகியிருக்கிறது.

இனி உங்கள் வாக்கியம். அவள் அலுங்காமல் நிதானமாகப் படியேறுகிறாள் என்றால் நிறைகுடம் நல்ல சொல். பழமொழியின் நிழலும் கூடவே விழும். படிகளில் தண்ணீர் சிந்துகிறது, அது கதைக்கு முக்கியம் என்றால் நண்பர் சொன்னதையும் விட்டுவிட்டு, 'குடம் தளும்பத் தளும்பப் படியேறினாள்' என்று எழுதுங்கள்.